ஈறு கெட்ட பாரா

மணி இரண்டு. பாரா ஏற்றுக்கொண்டேன். துப்பாக்கி ஒன்று, தோட்டா பத்து, லாக்கப் நபர் இல்லை, சரி. அம்சவேணி, மு.நி.கா. 1426. எழுதி நோட்டை மூடி வைத்துவிட்டு வாசல் மேடையில் ஏறி நின்றாயிற்று. நின்ற பிறகும் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. மையா என்று விரலைப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. வெயில் மேடையில் பாதி வந்துவிட்டது. மூன்று மணிக்கு என் பூட்ஸைத் தொடும், மூன்றரைக்கு முழங்கால், நான்குக்கு இடுப்பு. நான்கு மணிக்கு ஆள் மாற்றிவிடுவார்கள். அதற்குள் ஜட்ஜம்மா வந்துவிடுவார். மூன்றரைக்கு வருகிறார் என்று ஸ்டேஷன் ரைட்டர் காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார், யாரும் கேட்காமலேயே. போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கப் புதிதாக ஒரு ஆணையம் போட்டிருக்கிறார்கள், அதில் இருக்கிற ஓய்வுபெற்ற ஜட்ஜ். முன்பெல்லாம் எங்கள் மேல் புகார் வந்தால் எங்கள் டி.எஸ்.பி.யே வந்து விசாரிப்பார், விசாரித்து முடித்து எங்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார். இந்த அம்மா குடிக்கிற தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவருகிறாராம். ரைட்டருக்கு அதுதான் பெரிய கவலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், சிறுபாலத்துக் கட்டையில், புகார் கொடுத்த தேவகி உட்கார்ந்திருக்கிறாள். நான் வருவதற்கு முன்பே வந்துவிட்டாள். மடியில் மஞ்சள் பை, தலையில் முந்தானை. என்னைத்தான் பார்க்கிறாள். ஸ்டேஷனைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது நான்தானே. பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பாரா நிற்கிற ஆள் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ரோட்டைப் பார்த்தால் அவள் இருக்கிறாள்.

அன்றைக்கும் இதே இரண்டு மணி பாராதான். மார்ச் பதினேழு. எனக்கு முன்னால் நின்றவர் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு, "லாக்கப் ஒண்ணு" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன், ஒன்றுதான். லாரி பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிற ஏகாம்பரம். கிணற்று மோட்டார் ஒயர் திருட்டில் சந்தேகம் என்று காலையில் கூட்டிவந்திருந்தார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், யூனிபாரத்துக்கு எழுந்து நிற்கிறவர்கள் நிற்பதுபோல. நான் நோட்டில் ‘லாக்கப் நபர் 1’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரை உள் அறைக்குக் கூட்டிப்போனார்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். ஏதோ சமையல் நிகழ்ச்சி, ஒரு பெண் வெங்காயம் பொன்னிறமாக வதங்கணும், பொன்னிறமாக வதங்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போதும் வீட்டில் வெங்காயம் வதக்கினால் நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். இரண்டேமுக்கால் இருக்கும், தேவகி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அப்போது அவள் பெயர் எனக்குத் தெரியாது. "மேடம், எங்க வீட்டுக்காரர பட்டறையிலேர்ந்து இங்க கூட்டியாந்தாங்கன்னு சொன்னாங்க. உள்ள இருக்காரா?" என்றாள். "இல்லம்மா, அப்படி யாரும் இல்ல" என்றேன். "வலிப்பு வரும் மேடம் அவருக்கு. மத்தியானம் ஒரு மாத்திர போடணும், போடலன்னா வந்துடும். இருந்தாருன்னா மட்டும் குடுத்துடுங்க" என்று மாத்திரை அட்டையை நீட்டினாள். பத்து மாத்திரை அட்டை. இரண்டு காலி, எட்டு இருந்தது. எண்ணியிருக்கிறேன் பாருங்கள், எண்ணுகிற அளவுக்கு நேரம் நீட்டிக்கொண்டே நின்றாள். நான் கையை நீட்டவில்லை. வாங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அவள் என் முகத்தையும் எனக்குப் பின்னால் இருக்கிற கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு ஸ்டேஷனில் கேட்டுப் பார்க்கிறேன் என்று போய்விட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏகாம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரம் நினைவில்லாமல் கிடந்ததாகவும், யாரோ 108-க்குப் போன் பண்ணியதாகவும் எழுதப்பட்டது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு அவர் வரவே இல்லை. காகிதத்தில் வரவே இல்லை.

‘இல்லை’ என்று சொல்லும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார், ரைட்டர் சொன்னார் என்று இருந்தால் அவர்கள் தலையில் போட்டுவிட்டுத் தூங்கலாம். கேஸ் போடாமல் கூட்டிவந்த ஆளைத் தேடி யார் வந்தாலும் வாசலில் நிற்கிறவர் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை, வேலைக்கு வந்த முதல் மாதமே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் நோட்டில் மட்டும் எதற்கு ‘1’ என்று எழுதினேன்? அது பயம். என்னுடைய இரண்டு மணி நேரத்தில் உள்ளே இருக்கிற ஆள் ஓடிப்போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஒன்று வாங்கினேன், ஒன்று கொடுத்தேன் என்று எழுதி வைத்தால்தான் நான் தப்பிப்பேன். எல்லா ஸ்டேஷனிலும் பாராக்காரர்கள் இப்படித்தான், வாய் ஸ்டேஷனுக்கு, நோட்டு நமக்கு. ஜெனரல் டைரியில் பொய் இருக்கும், அரெஸ்ட் கார்டில் பொய் இருக்கும், பாரா நோட்டில் மட்டும் இருக்காது. காரணம் நேர்மை இல்லை. அதை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

பாப்பா ஒருநாள் கேட்டாள், அம்மா, பாரான்னா என்ன? துப்பாக்கி வச்சிக்கிட்டு வாசல்ல காவல் நிக்கிறது என்றேன். எதுக்குப் பாரான்னு பேரு? எனக்குத் தெரியவில்லை. ரைட்டர் அது இந்திக்காரன் வார்த்தை என்கிறார். ஆனால் எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழம்மா நடத்தியதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பாரா முகம். பார்க்காத முகம். பாராத என்பதில் கடைசி எழுத்துப் போய்விட்டது, அதனால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒரு மார்க் கேள்வி. போலீஸ் பரீட்சையிலும் அது வந்தது, சரியாக எழுதினேன். அப்படிப் பார்த்தால் நான் பத்து வருஷமாகப் பார்க்காமல் இருக்கிற வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு. சிரிப்பு வருகிறது, மேடையில் நின்று சிரிக்கக் கூடாது. அந்தப் பரீட்சையில் உளவியல் என்று ஒரு பகுதி. உங்கள் மேலதிகாரி தவறு செய்வதைக் கண்டால் என்ன செய்வீர்கள்? நான்கு விடை கொடுத்திருந்தார்கள். கோச்சிங் சென்டர் மாஸ்டர் அந்தக் கேள்விக்கு எங்களை நன்றாகத் தயார் பண்ணியிருந்தார். "நீங்க என்ன செய்வீங்கன்னு அவன் கேக்கலம்மா. என்ன செய்வேன்னு எழுதினா மார்க்குன்னுதான் கேக்கறான். மனசுல இருக்கறத எழுதாதீங்க, விடைய எழுதுங்க" என்றார். ‘உயர் அதிகாரிக்கு உடனே தெரிவிப்பேன்’ என்பதைக் கறுப்பாக்கினேன். நானூறு மீட்டர் ஓடினேன், நீளம் தாண்டினேன், பந்து எறிந்தேன். கடைசியில் என் நடத்தையை விசாரிக்க ஒரு ஏட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா அவருக்கு டீ போட்டுக்கொடுத்து, "அதுண்டு, அது வேலையுண்டுன்னு இருக்கும் சார். சொன்ன பேச்சத் தட்டாது" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சொன்ன பேச்சைத் தட்டாதவர், தேர்வு செய்யலாம். இந்தப் பெண் பொய் சொல்லுமா என்று அந்தத் தெருவில் யாரிடமும் அவர் கேட்கவில்லை. நான் வாசல் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

வெயில் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. தேவகி பையிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறாள். அந்த அட்டையாகத்தான் இருக்கும். இருக்காது, ஆறு மாதமா வைத்திருப்பாள்? வைத்திருப்பாள். நானாக இருந்தால் வைத்திருப்பேன். போன மாதம் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தபோது ரைட்டர் முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. கேமரா பதிவு கேட்டிருந்தார்கள், ஹார்டு டிஸ்க் பழுது. ஜெனரல் டைரி கேட்டிருந்தார்கள், அதில் ஏகாம்பரம் என்கிற பெயரே இல்லை. மூன்றாவதாகப் பாரா நோட்டுப் புத்தகம் என்று இருந்தது. ரைட்டர் குணாளன் முப்பது வருஷ சர்வீஸ், அன்றைக்குத்தான் அவர் தலையில் கை வைத்து நான் பார்த்தேன். "இதப் போயி எவன் கேப்பான்னு இருந்துட்டேனே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பூராவும் அவர் அறையில் உட்கார்ந்து மூன்று மாத நோட்டை நாங்கள் புதிதாக எழுதினோம். யார் யார் பாரா நின்றார்களோ அவரவர் பக்கத்தை அவரவர் எழுதினார்கள். ரைட்டர் கெட்டிக்காரர். நாலு விதப் பேனா வாங்கி வைத்திருந்தார். நடுநடுவே ஒரு அடித்தல் திருத்தல் வரும்படி பார்த்துக்கொண்டார். அட்டையில் டீ கிளாஸை வைத்து வட்டம் போட்டார். எழுதி முடித்த நோட்டை மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் காயப்போட்டார், பழசு மாதிரியே ஆகிவிட்டது. பழைய நோட்டை எங்கள் கண்முன்னாலேயே பின்பக்கத்தில் பிடிபட்ட பைக்குகள் நிற்கிற இடத்தில் வைத்து எரித்தார். நான் என் பங்குக்குப் பதினோரு இடத்தில் எழுதினேன். எட்டாவது இடம் மார்ச் பதினேழு. பழைய நோட்டைப் பார்த்தேன், ‘லாக்கப் நபர் 1’. புதிய நோட்டில் எழுதினேன், ‘லாக்கப் நபர் இல்லை’. எழுதிவிட்டு நிமிர்ந்தேன். ரைட்டர், "அம்சா, டீ ஆறுது பாரு" என்றார். குனிந்து கையெழுத்துப் போட்டேன். டீயைக் குடித்தேன்.

கையெழுத்துப் போட்டேன். எப்படிப் போட்டேன்? அம்சவேணி. அதற்கப்புறம்? இரண்டு மணிக்கு நோட்டில் போட்டேனே, அந்த ‘மு’. இரண்டாம்நிலைக் காவலராகப் பத்து வருஷம் இ.நி.கா. என்று எழுதி எழுதி விரல் தேய்ந்து, இந்த ஜூன் மாதம் ஒன்றாம் தேதிதான் முதல்நிலை ஆனேன். ஆர்டர் வந்த அன்றைக்குப் பாப்பாவின் ரஃப் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மு.நி.கா., மு.நி.கா. என்று எழுதிப் பார்த்தேன், பாப்பா கை கொட்டிச் சிரித்தாள். மற்ற பத்து இடத்திலும் பழைய நோட்டைப் பார்த்துப் பார்த்து இ.நி.கா. என்றே எழுதினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ‘இ’யைச் சுழிக்கும்போது பதவி இறங்கின மாதிரி சின்ன எரிச்சல் வந்தது. எட்டாவது இடத்தில் அந்த எரிச்சல் வரவில்லை. ஏன் வரவில்லை? நிமிர்ந்தேன், டீ ஆறுது பாரு, குனிந்தேன், போட்டேன். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, ஒரு வளைவு. மு. மார்ச் மாதத்தில் இல்லாத முதல்நிலைக் காவலர் ஒருத்தி மார்ச் மாத நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்த ஒரு எழுத்தைப் பிடித்து இழுத்தால் நோட்டு முழுக்கப் பிரிந்துவிடும். மை பார்த்த ரைட்டர், வெயில் பார்த்த ரைட்டர், அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். அவருக்கு நான் முதல்நிலையாவது இரண்டாம்நிலையாவது, அம்சாதானே.

இல்லை, ‘இ’ என்றுதான் போட்டிருப்பேன். மனம் வேண்டுமென்று பயமுறுத்துகிறது. உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ஆனால் பாரா நிற்கிற ஆள் மேடையைவிட்டு இறங்கக் கூடாது. நோட்டு ரைட்டர் மேசையில் சிவப்பு நாடா கட்டி இருக்கிறது, எனக்குப் பின்னால் பத்தடிகூட இருக்காது, ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. ‘சார், பதினேழாம் தேதியைக் கொஞ்சம் பாருங்க’ என்று திரும்பாமலே சொல்லலாம். ‘மு’வை அடித்துப் பக்கத்தில் ‘இ’ போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லலாம். சொல்ல வேண்டும். நோட்டு பொய் என்று தெரிந்தால் முதலில் மாட்டுவது நான்தானே. எழுதியது என் கை, பொய்க் கையெழுத்து என் கையெழுத்து. ஐயா அதில் எங்கும் இல்லை, ரைட்டர் எங்கும் இல்லை. வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம், போலீஸ்காரி ஜெயிலுக்குப் போனால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திற, அம்சா. திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? தெரிந்தேதான் போட்டேனா? சத்தியமாக இல்லை. அப்படித் துணிச்சல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த மாத்திரையை வாங்கியிருப்பேனே. பேனா பிடித்த கை மட்டும் எனக்குத் தெரியாமல் ஏதாவது பண்ணிவிட்டதா? பண்ணட்டும். யாராவது பண்ணட்டும். நான் சும்மா இருந்தால் போதும். பத்து வருஷமாக அதைத்தானே பண்ணுகிறேன். அன்றைக்குச் சும்மா இருந்து ஒரு ஆளைச் சாகவிட்டேன், இன்றைக்குச் சும்மா இருந்து அதைச் சரிக்கட்டலாம். ஜட்ஜம்மா படித்தவர், பார்த்ததும் பிடித்துவிடுவார். நான் ரோட்டைப் பார்த்து நிற்கலாம்.

ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் கேட்டருகே வந்து தயங்கி நிற்கிறார்கள். பெண்ணுக்கு இருபது இருக்கும், வெயிலில் ஓடி ஓடிக் கறுத்த முகம், கையில் பிளாஸ்டிக் கவர். "மேடம், போலீஸ் வேலைக்கு செலக்ட் ஆயிருக்கேன். வெரிபிகேஷனுக்கு வரச் சொன்னாங்க" என்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள், தொப்பியை, துப்பாக்கியை, தோள்பட்டையை. உள்ளே போம்மா, ரைட்டர் இருப்பாரு என்றேன். ஜன்னல் வழியாக ரைட்டரின் குரல் கேட்கிறது. எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, கேஸு கீஸு ஏதாவது உண்டா. அப்புறம் சிரித்துக்கொண்டே, "சொன்ன பேச்சு கேப்பியா?" என்கிறார். "கேப்பா சார், எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா" என்று அம்மாக்காரி முந்திக்கொள்கிறாள். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கேட்ட மாதிரி இருக்கிறது. அவர்கள் போன பிறகு ரைட்டர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இரண்டு டீ. பாரா நிற்கும்போது டீ கூடாது என்று அவருக்குத் தெரியும், ஒன்றைச் சுவர் ஓரமாக எனக்கென்று வைத்தார். "எல்லாம் சரிதான அம்சா?" என்றார். இப்போது சொல்லிவிடு. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, பதினேழாம் தேதி சார். "சரி சார்" என்றேன். அவர் எதிரே இருக்கிற தேவகியைப் பார்த்து டீயை உறிஞ்சினார். "பாப்பா இப்ப மஞ்சள் வேன்லதான வருது? நாலு மணிக்கு நம்ம வாசலத் தாண்டித்தான் போவும்ல" என்றார். ஆமாம் சார். "அந்த டிரைவர் கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டறான். நான் ஒரு நாள் கூப்ட்டுப் பேசறேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு அண்ணன் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பாப்பா வேன் மாறி நாலு நாள்தான் ஆகிறது, நான் ஸ்டேஷனில் யாரிடமும் சொல்லவில்லை. டீயில் ஆடை படிகிறது.

மூன்று நாற்பதுக்கு வெள்ளைக் கார் வந்தது. நான் துப்பாக்கியை நிமிர்த்தி மரியாதை கொடுத்தேன். ஜட்ஜம்மா குள்ளமாக, பருத்திப் புடவையில், தோளில் தண்ணீர் பாட்டில் பையோடு இறங்கினார். எனக்கு ஒரு வணக்கம் சொன்னார், அதற்கு எங்கள் சட்டத்தில் என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா கூட்டிப்போனார். நாற்காலி இழுக்கிற சத்தம். நாடா அவிழ்க்கிற சத்தம். பக்கம் புரள்கிறது, பிப்ரவரி, பிப்ரவரி, மார்ச். இப்போது பிடித்துவிடுவார், இந்தா, இப்போது. ரைட்டர் ஏதோ சொல்கிறார், யாரும் சிரிக்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் என் பின்னால் வருகிறது. பாரா இறங்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவரே வெளியே வந்துவிட்டார், கையில் நோட்டு. "நீங்கதான் அம்சவேணியாம்மா?" ஆமாங்கம்மா. "மார்ச் பதினேழு, ரெண்டு மணிக்கு நின்னது நீங்கதானே?" ஆமாங்கம்மா. நோட்டை எனக்கு நேரே பிடித்தார். என் எழுத்து, நீல மை. அம்சவேணி, மு.நி.கா. 1426. ‘மு’தான். வளைவு மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. "இது உங்க கையெழுத்தா?" என்னுடையதுதாங்கம்மா. "லாக்கப் நபர் இல்லைன்னு இருக்கு." அவருடைய விரல் ‘இல்லை’யின் மேல் இருந்தது. அரை அங்குலம் கீழே ‘மு’ கிடக்கிறது. இருக்குங்கம்மா என்றேன். நோட்டில் அப்படி எழுதியிருக்கிறதைத்தான் சொன்னேன். கீழே பாருங்கள், கீழே, அரை அங்குலம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கோர்ட்டில் இருந்தவருக்கு முதல்நிலை என்ன, இரண்டாம்நிலை என்ன, எல்லாம் கான்ஸ்டபிள்தானே. அவர் பார்க்கவில்லை.

தேவகியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் ரோட்டைக் கடந்து வந்து, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், மேடைக்குக் கீழே இரண்டடி தள்ளி நின்றாள். "நீங்க கடைசியா சொல்ல ஏதாவது இருக்காம்மா?" தேவகி என்னைக் காட்டினாள், விரலால் இல்லை, மோவாயால். "இவங்ககிட்டதாம்மா கேட்டேன். இல்லன்னாங்க." ஜட்ஜம்மாவுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, குரலில் தெரிந்தது. "நோட்லயும் இல்லைன்னுதான்மா இருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு என் வாய் பொய் சொன்னது, நோட்டு உண்மை சொன்னது. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் பொய்க்கு என் கையே சாட்சி. அந்த நாளின் காகிதங்களில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏகாம்பரம் உள்ளே இருந்தார், அதையும் எரித்தாகிவிட்டது. ஜட்ஜம்மா நோட்டை மூடினார். ரைட்டர் அதை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார், பிரசாதம் வாங்குகிற மாதிரி. மஞ்சள் வேன் தெருமுனையில் திரும்பி வந்தது. ஜன்னலில் பாப்பாவின் கை ஆடியது. நான் பாரா நிற்கும்போது அவளுக்குக் கையசைக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ஆட்டுவாள். ரைட்டர் வேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வேன் போய்விட்டது. வெயில் இடுப்புக்கு வந்திருந்தது. விடைய எழுதுங்க, மனசுல இருக்கறத எழுதாதீங்க. சொன்ன பேச்சத் தட்டாது. பாராத, பாரா. கடைசி எழுத்துதான் இல்லை.

"அம்மா" என்றேன். என் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காரின் கதவில் கை வைத்திருந்தவர் திரும்பினார். "மார்ச் மாசம் நான் முதல்நிலை இல்லைங்கம்மா. இரண்டாம்நிலை. ஜூன்லதான் முதல்நிலை ஆனேன். கையெழுத்தப் பாருங்க." ரைட்டர், "அம்சா" என்றார், மெதுவாக, டீ ஆறுகிறது என்று சொன்ன அதே குரலில். ஜட்ஜம்மா திரும்பி வந்து அவர் கையிலிருந்து நோட்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தேவகியைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தேன். மூக்குத்தி இல்லாத துளை, உதட்டோரத்தில் வெடிப்பு. "உள்ளதான் இருந்தாரு" என்றேன். "நீங்க வந்தப்போ உள்ளதான் இருந்தாரு." அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் மஞ்சள் பைக்குள் கையை விட்டு அந்த அட்டையை எடுத்தாள். எட்டு மாத்திரை. அன்றைக்கு நீட்டின மாதிரியே எனக்கு நேரே நீட்டினாள்.

"அப்ப ஏன் இத வாங்கல?" என்று கேட்டாள்.

மணி நான்கு ஆகிவிட்டது. பாரா மாற்ற ஆள் இன்னும் வரவில்லை.